மிதிகுழி

ஊற்றிய தண்ணீர் கல்லில் விழவில்லை.

அலாவுதீன் குடத்தைச் சாய்த்தபடியே நின்றான். பலகை மூடியைத் தூக்கிக் குழிக்குள் முதல் குடத்தைக் கவிழ்த்ததும், ஆழத்தில் கருங்கல் தரையில் தண்ணீர் அறைந்து, நான்கு சுவர்களிலும் மோதி, யாரோ பலபேர் சேர்ந்து கைதட்டுவதுபோல மேலே திரும்பி வருவதுதான் இத்தனை நாளும் வழக்கம். அந்தச் சத்தத்துக்காகவே இந்த வேலையை யாரிடமும் விடாமல் காலையில் அவனே செய்துவந்தான். இன்று துணிமூட்டைமேல் ஊற்றியதுபோல மெத்தென்று ஓர் ஒலி மட்டும் வந்தது. அதுவும் ஆழத்திலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்தே வந்தது.

இரண்டாவது குடத்துக்கும் அப்படியே. அடி மூலைகளில் கிடந்த பழைய பஞ்சு ஊறி உப்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியை மூடினான். ஊறின பருத்திக்கொட்டையின் புளித்த வாடை அவன் விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தது.

வேலம்பாளையம் போகும் ரோட்டில் அந்தக் கட்டடம் ஒரு பழைய பஞ்சு பிரஸ். கூட்டாளி மணியனின் தாத்தா காலத்தில் தாராபுரம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகப் பருத்தி வந்து, கொட்டை நீக்கி, இங்கேதான் அழுத்திப் பேல் என்னும் பொதிகளாகக் கட்டப்பட்டது. இரும்பு பிரஸ்ஸை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். எஞ்சியது மூன்றடித் தடிமன் சுவரும், தேக்கு உத்திரங்களும், மேலே சுவரோரம் வரிசையாக வட்டத் துவாரங்களும்தான். காலை வெயில் அந்த வட்டங்கள் வழியாக இறங்கித் தரையில் தட்டுத் தட்டாக விழும். சின்ன வயதில் குர்ஆன் ஓதப் பள்ளிக்குப் போகிறபோது, உடைந்த கதவின் சந்து வழியாக அலாவுதீன் அந்த வெளிச்சத் தட்டுகளைப் பார்த்திருக்கிறான். வெளியூர்க் கதைகளில் வருகிற கோட்டை என்று அதை நினைத்துக்கொள்வான்.

பனியன் கம்பெனி தொடங்கக் கூட்டு சேர்ந்தபோது மணியனிடம் இடம் இருந்தது, அலாவுதீனிடம் தொழில் இருந்தது. ஊரில் அப்போது பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. சத்திரம் போனது, நெல் மில் போனது, அந்தந்த இடத்தில் தீப்பெட்டிகளைப்போலக் காங்கிரீட் பெட்டிகள் எழுந்தன. மணியனும் இடிக்கத்தான் சொன்னான்.

"ஏனுங்க பாய், இதுல அப்படி என்னத்தைக் கண்டீங்க? மூணடிச் சுவரு. இதை இடிச்சா சுவரு நின்ன எடத்துலயே ஒரு ரூம்பு போட்டுக்கலாமுங்க."

அலாவுதீன் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். சுவர் மண்பானையைப்போல இருந்தது. மணியன் அரைமனதாக ஒப்புக்கொண்டான். கோடை முடிகிறவரை இங்கேயே மெஷினை ஓட்டிப் பாருங்கள், ஓட்டை இல்லாமல் துணி வந்தால் கட்டடம் நிற்கும், இல்லாவிட்டால் ஆடியில் கடப்பாரை என்று சொல்லிவிட்டான்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அலாவுதீன் எல்லாவற்றையும் செய்தான். உளுத்துப்போன சட்டங்களை மட்டும் மாற்றினான். ஓடுகளை இறக்கிக் கழுவித் திரும்ப ஏற்றினான். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரில் சுண்ணாம்பை அரைத்துப் பூசச் சொன்னபோது, சிமெண்ட் மூட்டை வாங்க வக்கில்லையா என்று கொத்தனார்கள் சிரித்தார்கள். பூசி முடித்த சுவரைக் கையால் தடவியபோது முட்டை ஓடுபோல வழுவழுத்தது. அவன் வாழ்க்கையில் அவனே நினைத்து அவனே செய்த காரியம் அது ஒன்றுதான்.

தண்ணீர் யோசனையும் அவனுடையதே. காற்று காய்ந்தால் பின்னல் மெஷினில் நூல் முறியும். முறிந்த இடத்தில் துணியில் ஓட்டை விழும். அதனால் சித்திரை பிறந்ததும் எல்லாக் கம்பெனிகளிலும் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். மெஷினின் கால் துருப்பிடிக்கும், ஆள் வழுக்கி விழுவான், ஆனாலும் தெளிப்பார்கள். அலாவுதீன் தெளிக்கவில்லை. கூடத்தின் நடுவில், முன்பு பிரஸ்ஸின் பெட்டி இறங்கி நின்ற சதுரக் குழி ஒன்று இருந்தது. பழைய ஆட்கள் அதை மிதிகுழி என்பார்கள். ஓர் ஆளுக்கு மேல் ஆழம். அதில் தண்ணீரை ஊற்றி மேலே பலகை பரப்பினான். பலகை இடுக்குகள் வழியே குளிர்ச்சி பனிபோல மேலே வந்தது. நூல் முறியவில்லை. மெஷின்களை ஓட்டிய அக்பர், அலாவுதீனின் தங்கை சபுரா பீவியின் கணவன், நூல் கோன் மாற்றுவதைத் தவிர தனக்கு இங்கே வேலையே இல்லை என்று கேலி செய்தான்.

கூட்டிப் பெருக்க வரும் ஆயம்மாளும் அதையேதான் சொன்னாள்.

"மத்த கம்பெனியில பஞ்சுத்தூசி கணுக்கால் வரைக்கும் கெடக்குதுங்க. இங்க ஒரு பிடி இல்ல. நான் சும்மா வாறன், சும்மா போறன். அதுக்காகக் கூலியக் கொறச்சுப்போடாதீங்க சாமி."

அன்று அலாவுதீன் தரையை முதல்முறையாகக் கவனித்தான். மெஷின்களிலிருந்து பறக்கும் தூசி துவாரத்து வெளிச்சத்தில் மினுங்கியபடி இறங்கியது. இறங்கியது அப்படியே படியவில்லை. தரையைத் தொட்டதும், காற்றே இல்லாத கூடத்தில், எறும்புச் சாரைபோல நகர்ந்து நகர்ந்து நடுவிலிருந்த பலகை இடுக்குகளுக்குள் போனது.

எல்லாப் பக்கத்திலிருந்தும் போனது.

மத்தியானச் சோற்றின்போது ஆயம்மாளிடம் மிதிகுழியைப் பற்றி மெல்ல விசாரித்தான். அவளுடைய அம்மா இங்கே கூடைக்காரியாக இருந்தவள். பிரஸ்ஸை இறக்குமுன் பெட்டிக்குள் ஓர் ஆள் நின்று பஞ்சை மிதிப்பானாம். மேலேயிருந்து கூடை கூடையாகக் கொட்டுவார்களாம்.

"கொட்டக் கொட்ட அவனும் மேல ஏறி வரோணுமுங்க. ஒவ்வொரு கூடைக்கும் ஏறிட்டயான்னு கேப்பாங்க. ஏறிட்டேன்னு அவன் சொன்னாத்தான் அடுத்த கூடை."

ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது, சரக்கு ரயில் கிளம்புகிற அவசரம், யாரும் கேட்கவில்லை என்று சொல்லி அவள் தூக்குப்போசியிலிருந்த மோரைக் குடித்தாள்.

"அப்புறம்?"

"அப்புறமென்னுங்க. பேல் கட்டி ரயிலேத்திட்டாங்க."

"அந்த ஆளு?"

"ஊருக்குப் போயிட்டான்னு சொல்லிக்கிட்டாங்க. எந்த ஊருன்னு கேக்க அவனுக்கு யாருமில்லீங்க."

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அந்தக் கோடையில் பகலில் அடிக்கடி கரண்ட் நின்றுபோகும். அப்படி நின்ற ஒரு பிற்பகலில்தான் அவன் அதைக் கேட்டான். மெஷின்களின் இரைச்சல் மெதுவாக இறங்கி, ஊசிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, காதுக்குள் மட்டும் ரீங்காரம் மிஞ்சி அதுவும் அடங்கிய பிறகு, வெளியே வேப்பமரத்துக் காக்கையின் குரலும் ரோட்டில் போகும் மாட்டுவண்டியின் அச்சு முனகலும் தெளிவாகக் கேட்கத் தொடங்கியபோது, அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. அப்போதுதான் தொடங்கியது அல்ல அது. வெகுநேரமாக, ஒருவேளை வெகுநாளாக, இரைச்சலுக்குக் கீழே நடந்துகொண்டே இருந்தது.

தப்.

தப்.

ஈரப் பஞ்சின்மேல் கால் வைக்கும் சத்தம். வலது. இடது.

ஸ்டூலில் சாய்ந்திருந்த அக்பர் நிமிர்ந்தான். "என்ன மச்சான் அது?"

"பெருச்சாளி," என்றான் அலாவுதீன். யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

"பெருச்சாளி ரெண்டு கால்லயா நடக்குது?"

அக்பர் சிரித்தான். அலாவுதீனும் சிரித்தான்.

மறுநாள் யாரும் வருமுன்னே வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சவரக் கண்ணாடியில் வாசல் வெயிலை வாங்கிக் குழிக்குள் திருப்பினான். வெளிச்சம் ஆழத்தைத் தேடிப் போகவில்லை. இடுப்பளவு இறங்கியதும் வெள்ளையில் முட்டி நின்றது. குழி நிறைந்துகொண்டிருந்தது. மெஷின்களின் தூசியும் பழைய பஞ்சும் சேர்ந்து, அடுக்கடுக்காக இறுகி, ஒரு பேலின் முகம்போல மட்டமாகக் கிடந்தன. அதன்மேல் கால்தடங்கள். வெறுங்கால், விரல்கள் விரிந்தவை. சுவரோரம் சுற்றிச் சுற்றி, பிறகு நடுவுக்கு, ஓர் அங்குலம் விடாமல், பழகிய ஆள் மிதித்த மாதிரி. தடங்களில் தேங்கியிருந்த தண்ணீர் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

கண்ணாடியை வெடுக்கென்று பின்னால் இழுத்தான். வெளிச்சம் குழிச் சுவரெல்லாம் ஓடியது.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அன்று முழுவதும் அந்த வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் குழியில் ஏதோ இருக்கிறது என்று மணியன் காதில் விழுந்தால் அன்று சாயங்காலமே கடப்பாரை வந்துவிடும். வட்ட வட்டமான அந்த வெளிச்சங்கள் கல்லும் மண்ணுமாய்க் கிடக்கும் குவியலின்மேல் விழுவதை நினைத்துப் பார்த்தான். நினைக்க முடியவில்லை. கோடை முடியட்டும், மணியன் பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு குழியை மண் போட்டு மூடிவிடலாம் என்று முடிவு செய்தான். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினான். நிறுத்தியும் பலகைகளின் மேல் ஈரம் வந்தது. துணி முன்னைவிட நன்றாக வந்தது. பட்டுபோல.

வைகாசிக் கடைசியில், அவிநாசிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் மேஸ்திரியோடு வருவதாக மணியன் சொல்லியனுப்பினான். அவன் வருவதாகச் சொன்ன நாளில் பலகைகள் நடுவில் லேசாக மேலே வளைந்திருந்தன. அக்பர்தான் முதலில் பார்த்தான்.

"அடியில என்னமோ முட்டுது மச்சான். மணியண்ணன் கண்ணுல பட்டா, தரையே எந்திரிக்குதுன்னு சொல்லி இடிச்சுப்போடுவாரு."

கரண்ட் இல்லாத மத்தியானம். ஆயம்மாள் வீட்டுக்குப் போயிருந்தாள். அக்பர் மூடியைத் தூக்கினான். பஞ்சு பலகையை ஒட்டி வந்துவிட்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு தடமும் இல்லாமல், புதிதாகப் போட்ட மெத்தைபோல. அவன் மூங்கிலால் குத்தினான். மூங்கில் சுலபமாக இறங்கியது. அள்ளிப் போடலாம் என்றான் அலாவுதீன். அள்ளினால் வாசலில் மலையாகக் கிடக்கும், மணியண்ணன் அதைத்தான் முதலில் பார்ப்பார் என்று அக்பர் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"மிதிச்சே எறக்கிப்போடறேன். நீங்க எதுக்கு இப்படி வேர்த்து நிக்கறீங்க?"

வேண்டாம் என்று சொல்ல அலாவுதீன் வாயைத் திறந்தான். ஏன் என்று அக்பர் கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும்.

"பாத்து, மாப்ளே."

அக்பர் இறங்கினான். பஞ்சு தாங்கியது. மிதித்தான், ஒரு முழம் இறங்கியது. மிதிக்க மிதிக்க அவன் இடுப்பு மறைந்தது, மார்பு மறைந்தது. தலை தரைமட்டத்துக்குக் கீழே போன பிறகும் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதே என்று அவனுக்கே ஆச்சரியம். சபுராவிடம் சொன்னால் நம்பமாட்டாள் என்றான். அலாவுதீனுக்கு மூச்சு கொஞ்சம் வந்தது.

வாசலில் ஜீப் நின்றது.

அதே கணத்தில் கரண்ட் வந்தது. அணைக்காமல் விட்டிருந்த மெஷின்கள் எல்லாம் ஒன்றாக உறுமி எழுந்தன. அக்பர் கீழேயிருந்து கையை ஆட்டினான், மூடு மூடு என்று. பலகை இடுக்கைக் காட்டினான். காற்று வருகிறது, நான் இருந்துகொள்கிறேன் என்று அர்த்தம்.

அலாவுதீன் மூடினான்.

மணியன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கல்யாண வீட்டுச் சந்தனம் நெற்றியில் காய்ந்திருந்தது. பின்னால் மேஸ்திரி, கையில் அளவு நாடா. மணியன் நேராகக் கூடத்தின் நடுவுக்கு வந்து, பலகையின்மேல் நின்று, கால் விரல்களைப் பரப்பினான்.

"அட, என்ன குளுமைங்க பாய்."

அங்கேயே நின்றான். அலாவுதீனும் பக்கத்தில் நின்றான். வேறு வழியில்லை. இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உள்ளங்காலில் தெரிந்தது. தப். தப். அக்பர் மிதித்துக்கொண்டிருந்தான். அது பெரிய ஆறுதலாக இருந்தது. மிதிக்கிறவரை ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம்தான். இவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மேஸ்திரி சுவரைத் தட்டினான். உத்திரத்தை அண்ணாந்து பார்த்தான். மணியன் மேஸ்திரியிடம் துணி ரோலைக் கொண்டுவரச் சொல்லி, விரித்து, துவாரத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு முழம். இன்னொரு முழம். நிதானமாக.

உள்ளங்காலில் அது வேகமெடுத்தது.

தூசி ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்களிலிருந்து, உத்திரங்களிலிருந்து, மூலைகளிலிருந்து. மணியனின் கால் விரல்களைச் சுற்றிக்கொண்டு, இடுக்குகளுக்குள். வெள்ளையாக. ஓயாமல். யாரோ மேலேயிருந்து கூடை கூடையாகக் கொட்டுவதுபோல.

தப் தப். தப் தப்.

இப்போது இரண்டு பேர் மிதித்தார்கள்.

ஒன்று தடுமாறியது. அவசரமாக, ஒழுங்கில்லாமல், உதைப்பதுபோல. மற்றது நிதானம். அலாவுதீன் சிரித்தபடி நின்றான். முகத்தில் அந்தச் சிரிப்பை யாரோ ஆணியடித்து வைத்ததுபோல இருந்தது. மூடியைத் தூக்க ஒரு கணம் போதும். மணியனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னால் போதும். ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தான். வெயில் அதன்மேல் பால்போல நின்றது.

தடுமாறிய கால் மெதுவானது. மற்றதோடு சேர்ந்துகொண்டது. பிறகு இரண்டும் ஒரே தாளத்தில்.

மணியன் துணியை மடித்து அவன் கையில் கொடுத்தான். காதருகே வந்து உரக்கச் சொன்னான்.

"ஜெயிச்சுட்டீங்க பாய். ஒரு ஓட்டை இல்லீங்க. கட்டடம் நிக்கட்டும். ஒரு கல்லுலயும் கை வெக்கமாட்டேனுங்க."

மேஸ்திரி நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டான். ஜீப் கிளம்பிப் போகிறவரை அலாவுதீன் வாசலில் நின்று கும்பிட்டான். பிறகு ஓடினான்.

மூடியைத் தூக்கினான்.

பஞ்சு விளிம்புவரை இருந்தது. மட்டமாக. காய்ந்து. வெள்ளையாக. அவன் கைகளை அதில் குத்தினான். விரல் நுழையவில்லை. நகம் நுழையவில்லை. இரும்பு அழுத்திக் கட்டிய பேல்போல. மூங்கிலால் இடித்தான். மூங்கில் பிளந்தது. அக்பர் என்று கத்தினான். மெஷின்கள் அந்தப் பெயரை அரைத்துப் போட்டன. மண்டியிட்டுக் கன்னத்தை அதன்மேல் வைத்தான். இளஞ்சூடாக இருந்தது.

அப்போது அது கன்னத்தின் அடியில் புடைத்தது.

பின்வாங்கினான். வெள்ளைப் பரப்பில் ஒரு குதிகால் எழுந்தது. பிறகு பாதத்தின் வளைவு. பிறகு ஐந்து விரல்கள். உள்ளேயிருந்து, தலைகீழாக, மேல்நோக்கி மிதிக்கும் ஒரு பாதம். அது அமுங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு ஜோடி.

வாசலில் நிழல் விழுந்தது. சபுரா பீவி. கையில் சோற்று அடுக்கு, தலையில் இழுத்துவிட்ட முக்காடு, வெயிலில் நடந்து வந்த சிவப்பு முகம்.

அலாவுதீன் மூடியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றான்.

"அவங்க எங்கண்ணே?" இரைச்சலில் உதட்டசைவுதான் தெரிந்தது.

பலகைக்கு அடியில் இரண்டு உள்ளங்கால்கள் வந்து, குதிகாலுக்குக் குதிகால், விரலுக்கு விரல், அவனுடைய உள்ளங்கால்களோடு பொருந்தி நின்றன. அழுத்தின. தேக்கு முனகுவது எலும்பில் கேட்டது. அவன் எடை முழுவதையும் கீழே கொடுத்தான். வராதே என்று தங்கையைப் பார்த்துத் தலையசைத்தான்.

அவனுக்குக் கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பேசுவதற்காக அருகே நடந்து வந்தாள். பலகையின் காலியான பாதியில் ஏறி அவனுக்கு எதிரே நின்றாள். அடுக்கைக் கை மாற்றிக்கொண்டாள். ஏதோ கேட்கத் தொடங்கினாள்.

பாதியில் நிறுத்தினாள்.

மெல்லக் குனிந்து, தன் வெறுங்கால்களைப் பார்த்தாள்.